இரும்புக் காரா, மைலோ டின்னா? ஒரு மோதல் கற்றுத்தரும் இயற்பியல்

“அந்தக் காலத்துக் கார் எல்லாம் அசல் இரும்பு. இப்போது வருவதெல்லாம் மைலோ டின். லேசாக இடித்தாலே நசுங்கிப் போகும்!”

மாணவர்களே, இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒட்டுக்கடையில் தேநீர் குடிக்கும் இடத்திலும், கார் பட்டறையிலும், திருமண வீட்டு வாசலிலும் இது அடிக்கடி காதில் விழும். 1985-இல் வந்த புரோட்டோன் சாகாவையும், 1994-இல் வந்த பெரோடுவா கன்சிலையும் ‘மைலோ டின்’ என்று கிண்டல் செய்யாத மலேசியர் குறைவு.

சொல்பவர்கள் தெரியாமல் சொல்லவில்லை. பழைய கார்களின் தகடு தடிப்பானது. முன்னும் பின்னும் கனத்த இரும்புத் தடுப்பு இருக்கும். வாகன நிறுத்துமிடத்தில் மெதுவாக இடித்துக்கொண்டால் பழைய காருக்குக் கீறல்தான் விழும்; புதிய காருக்கோ முன்பகுதியே உள்ளே போய்விடும். கண்ணால் கண்டதைத்தான் அவர்கள் சொல்கிறார்கள்.

ஆனால் நமக்குத் தெரிய வேண்டியது வேறு. நெடுஞ்சாலை வேகத்தில் மோதினால், காருக்குள் இருக்கும் மனிதருக்கு என்ன ஆகும்? கார் நசுங்காமல் இருப்பதும், மனிதர் பிழைப்பதும் ஒன்றுதானா?

இந்தக் கேள்விக்கு விடை காண, இரண்டு காலத்துக் கார்களை உண்மையிலேயே நேருக்கு நேர் மோதவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்த மோதலைப் படிவம் 4 இயற்பியலின் துணையோடு இந்த வாரம் ஆராய்வோம்.

இரண்டு கார்கள், ஐம்பது ஆண்டு இடைவெளி

அமெரிக்காவில் ஐ.ஐ.எச்.எஸ். என்ற அமைப்பு இருக்கிறது. நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்காகக் காப்புறுதி நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் கழகம் அது. 1959-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. தன் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி, 2009-இல் அது ஒரு சோதனை நடத்தியது. தான் பிறந்த ஆண்டில் வந்த கார் ஒன்று, 2009-இல் வந்த கார் ஒன்று. இரண்டும் ஒரே நிறுவனத்தின் தயாரிப்புகள்.

முதலாவது, 1959-ஆம் ஆண்டின் செவ்ரோலே பெல் ஏர். ஏறக்குறைய 5.4 மீட்டர் நீளம். பின்புறத்தில் பறவை இறக்கையை விரித்ததுபோல் இரண்டு துடுப்புகள். முன்னும் பின்னும் பளபளக்கும் குரோமியத் தடுப்பு. உள்ளே சோபாவைப் போன்ற நீள இருக்கை. ஓட்டுநருக்கு எதிரே மெத்தை வைக்காத உலோகப் பலகை. சோதனைக்கு வந்த அந்தக் காரில் இருக்கைப்பட்டை இல்லை. காற்றுப்பை இல்லை.

இரண்டாவது, 2009-ஆம் ஆண்டின் செவ்ரோலே மலிபு. பெல் ஏரைவிட ஏறத்தாழ அரை மீட்டர் குட்டை. பார்வைக்குச் சாதாரணமான குடும்பக் கார். மூன்று முனை இருக்கைப்பட்டையும் காற்றுப்பைகளும் உள்ளவை.

எடையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டுமே 1.6 டன்னை ஒட்டியவை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடும்போது தேவைப்படும்.

மோதலில் நடந்தது என்ன?

இரண்டு கார்களிலும் ஓட்டுநர் இருக்கையில் மனித உருவச் சோதனைப் பொம்மைகளை வைத்தார்கள். பொம்மைக்குள் உணரிகள் இருக்கும். தலை, மார்பு, கால் ஆகியவை எவ்வளவு விசையைத் தாங்கின என்பதை அவை பதிவு செய்யும்.

கார்கள் இரண்டும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வந்தன. முழு முகமும் முகமும் மோதவில்லை. ஓட்டுநர் அமர்ந்திருக்கும் பக்கம் மட்டுமே மோதியது. இருவழிச் சாலையில் ஒரு கார் கோட்டைத் தாண்டி எதிர்த் தடத்துக்குள் வந்தால் ஏற்படும் விபத்து பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

பெல் ஏரின் முன்பகுதி நசுங்கியதோடு நிற்கவில்லை. நசுங்கல் பயணிகள் இருக்கும் அறைக்குள்ளும் புகுந்தது. கண்ணாடியைத் தாங்கும் தூண் மடங்கியது. கூரை வளைந்தது. முன்கண்ணாடி முழுதாகக் கழன்று போனது. ஓட்டுநர் கதவு திறந்துகொண்டது. இருக்கை ஒரு பக்கம் தரையிலிருந்து பிய்ந்தது. ஸ்டீயரிங் மேலேயும் பின்னேயும் தள்ளப்பட்டு ஓட்டுநரை நோக்கி வந்தது. பொம்மையின் தலை முதலில் ஸ்டீயரிங்கிலும், பிறகு கூரையிலும் உலோகப் பலகையிலும் மோதியது. அங்கே உயிருள்ள மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார்.

மலிபுவின் முன்பகுதியும் உருத்தெரியாமல் நசுங்கியது. ஆனால் கண்ணாடித் தூண் நின்ற இடத்திலேயே நின்றது. பயணிகள் அறை ஏறக்குறைய அப்படியே இருந்தது. காற்றுப்பை விரிந்து பொம்மையின் தலையைத் தாங்கியது. அந்த ஓட்டுநருக்குக் காலில் காயம் ஏற்பட்டிருக்கலாம், உயிர் போயிருக்காது.

‘இரும்புக் கார்’ தோற்றது. ‘மைலோ டின்’ வென்றது. ஏன்?

யாருக்கு அடி அதிகம்?

“மலிபு அதிக விசையுடன் இடித்திருக்கும்; பெல் ஏர் குறைந்த விசையுடன் இடித்திருக்கும்” என்று நினைக்கிறீர்களா? நியூட்டனின் மூன்றாம் விதியை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு விசைக்கும் சமமான, எதிரான ஒரு விசை உண்டு. மோதலின் ஒவ்வொரு நொடித்துளியிலும் பெல் ஏர் மலிபுவுக்குக் கொடுத்த விசையும், மலிபு பெல் ஏருக்குக் கொடுத்த விசையும் சமம். பழைய கார், புதிய கார் என்று இயற்கை பாகுபாடு பார்ப்பதில்லை.

பள்ளியில் மொமெந்தும் என்று நீங்கள் படிக்கும் உந்தத்தை இப்போது பாருங்கள். உந்தம் என்பது நிறையை வேகத்தால் பெருக்கி வருவது. அதற்குத் திசையும் உண்டு. இரண்டு கார்களுக்கும் ஏறக்குறைய ஒரே நிறை, ஒரே வேகம், எதிரெதிர்த் திசை. ஆகவே மொத்த உந்தம் ஏறக்குறைய பூஜ்யம். மோதிய பிறகும் அது பூஜ்யமாகவே இருக்க வேண்டும். எனவே இரண்டு கார்களும் தங்கள் வேகத்தை ஒரே அளவில் இழந்தன.

விசை சமம். நிறை சமம். வேக இழப்பும் சமம். அப்படியானால் ஒரு ஓட்டுநர் இறக்க, இன்னொருவர் பிழைக்கக் காரணம் என்ன? கார்கள் வாங்கிய அடியில் வேறுபாடு இல்லை. அந்த அடியைக் கார் எந்த இடத்தில் வாங்கிக்கொண்டது என்பதில்தான் வேறுபாடு.

ஆற்றல் எங்கே போகிறது?

மணிக்கு 64 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 17.8 மீட்டர். 1600 கிலோகிராம் காரின் இயக்க ஆற்றலைக் கணக்கிடுவோம்.

இயக்க ஆற்றல் = ½ × 1600 × 17.8 × 17.8 = ஏறத்தாழ 253,000 ஜூல்

இது எவ்வளவு பெரியது? அந்தக் காரை 16 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஏறக்குறைய ஐந்து மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து, கீழே போட்டால் தரையைத் தொடும்போது இருக்கும் ஆற்றல் இது.

கார் நின்றுவிட்டால் இந்த ஆற்றல் மறைந்துவிடாது. ஆற்றல் அழியாது என்பது உங்களுக்குத் தெரியும். உலோகத்தை வளைக்கவும், மடிக்கவும், கிழிக்கவும் அது செலவாகிறது. கொஞ்சம் வெப்பமாகவும் ஒலியாகவும் போகிறது. நசுங்கிய ஒவ்வொரு தகடும் ஆற்றலை வாங்கிக்கொண்ட தகடு.

ஆக, கார் நசுங்குவது தரக்குறைவின் அடையாளம் இல்லை. எதையாவது நசுக்கித்தான் இந்த 253,000 ஜூல் தீர வேண்டும். காரின் மூக்கு நசுங்கினால் காப்புறுதியில் பழுது பார்க்கலாம். மூக்கு போதாமல் பயணிகள் அறை நசுங்கினால் பழுது பார்க்க முடியாதவை நசுங்கிவிடும்.

நேரம் கூடினால் விசை குறையும்

இப்போது காரை விட்டுவிட்டு மனிதரைப் பார்ப்போம். 50 கிலோகிராம் எடையுள்ள ஒரு மாணவர் காரில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய உந்தம்:

50 × 17.8 = 890 கிலோகிராம் மீட்டர்/நொடி

மோதல் முடியும்போது இந்த உந்தம் முழுவதும் போயாக வேண்டும். அதில் பேரம் பேச இடமில்லை. ஆனால் எவ்வளவு நேரத்தில் போகிறது என்பதில் நமக்கு இடமிருக்கிறது. கணத்தாக்கு விசைக்கான சூத்திரம் இதுதான்:

விசை = உந்த மாற்றம் ÷ நேரம்

முதல் நிலை: மாணவர் கடினமான பலகையில் மோதி 0.01 நொடியில் நிற்கிறார்.
விசை = 890 ÷ 0.01 = 89,000 நியூட்டன்

இரண்டாம் நிலை: அவர் 0.1 நொடி எடுத்து நிற்கிறார்.
விசை = 890 ÷ 0.1 = 8,900 நியூட்டன்

முதல் நிலையில் அவர் தாங்க வேண்டியது தம் உடல் எடையைப்போல் ஏறத்தாழ 180 மடங்கு. இரண்டாம் நிலையில் ஏறத்தாழ 18 மடங்கு. இவை தோராயக் கணக்குகள்தாம். உண்மை மோதலில் விசை ஒரே சீராக இருக்காது. என்றாலும் கருத்து தெளிவு. நேரம் பத்து மடங்கு கூடினால் விசை பத்தில் ஒன்றாகக் குறைகிறது. 0.1 நொடி என்பது கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. அந்தச் சிறு நேரம்தான் உயிருக்கும் மரணத்துக்கும் இடையே நிற்கிறது.

விழும் முட்டையைச் சிமெண்டுத் தரையில் பிடிப்பதற்கும், தளர்வாகப் பிடித்த போர்வையில் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடும் இதுவே. வேகமாக வரும் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வதும் இதற்காகத்தான்.

முன்னே இளக்கம், நடுவே இறுக்கம்

இந்தக் கருத்தைக் காருக்குள் கொண்டுவந்தவர் பெலா பரேனி. மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர். 1950-களின் தொடக்கத்தில் அவர் ஒரு வடிவமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். காரை மூன்று பகுதிகளாக அவர் பிரித்தார். முன்னும் பின்னும் எளிதில் நசுங்கும் பகுதிகள். நடுவில் எளிதில் நசுங்காத பயணிகள் அறை.

கார் முழுவதும் கடினமாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் நம்பிய காலத்தில், ‘சில இடங்கள் விட்டுக்கொடுக்க வேண்டும்’ என்றார் அவர். நசுங்கும் பகுதியோடு வடிவமைக்கப்பட்ட முதல் மெர்சிடிஸ் கார் விற்பனைக்கு வந்தது 1959-இல். ஆம், நம் பெல் ஏர் வந்த அதே ஆண்டு. அதற்கும் பின்புறத்தில் துடுப்புகள் உண்டு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒரே காலத்துக் கார்கள். உள்ளே இருந்த சிந்தனையோ வேறு.

பெல் ஏரில் குறை எங்கே? அதன் அடிச்சட்டம் எக்ஸ் வடிவம் கொண்டது. நடுவில் ஒடுங்கி, முன்னும் பின்னும் விரியும். பயணிகள் அறையின் இரு பக்கமும் நீளமாக ஓடும் வலுவான தண்டுகள் அதில் இல்லை. ஸ்டீயரிங் தண்டோ நீளமான, மடியாத இரும்புக் கம்பி. முன்பகுதி பின்னால் தள்ளப்பட்டதும் அது ஈட்டியைப்போல் ஓட்டுநரை நோக்கி வந்தது. மோதலில் தானே சுருங்கும் ஸ்டீயரிங் தண்டை அந்த நிறுவனம் 1967-ஆம் ஆண்டுக் கார்களில்தான் கொண்டுவந்தது.

மலிபுவிலோ நசுங்க வேண்டிய இடமும் நசுங்கக் கூடாத இடமும் முன்கூட்டியே திட்டமிடப்பட்டவை. முன்பக்கத் தண்டுகள் மடிந்து ஆற்றலை வாங்குகின்றன. பயணிகள் அறையைச் சுற்றி வலிமை மிகுந்த எஃகு இருக்கிறது. கையால் அழுத்தினால் உள்ளே போகும் மெல்லிய வெளித்தகடு காரின் தோல்தான். எலும்பு உள்ளே இருக்கிறது. தோலைத் தட்டிப் பார்த்து எலும்பின் வலிமையைச் சொல்ல முடியுமா?

ஒரு விபத்தில் மூன்று மோதல்கள்

கார் மட்டும் நின்றால் போதாது. நிலைமம், அதாவது நீங்கள் இனர்சியா என்று படிப்பது, காருக்குள் இருப்பவரை விடாது. விபத்து ஒன்றுதான், மோதல்கள் மூன்று.

முதல் மோதல்: கார் எதிர்ப்பொருளில் மோதுகிறது.
இரண்டாம் மோதல்: உடல் காரின் உட்பகுதியில் மோதுகிறது.
மூன்றாம் மோதல்: உடல் நின்ற பிறகும் உள்ளே மூளை மண்டையோட்டிலும், மற்ற உறுப்புகள் எலும்புக் கூட்டிலும் மோதுகின்றன.

இருக்கைப்பட்டை போட்டவர் காரோடு கட்டப்பட்டிருக்கிறார். காரின் மூக்கு நசுங்கும் நேரம் முழுவதும் அவரும் காரோடு சேர்ந்து வேகம் குறைகிறார். மூக்கு வாங்கிக் கொடுத்த 0.1 நொடி அவருக்கும் கிடைக்கிறது.

போடாதவருக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. கார் நசுங்கி நின்றுகொண்டிருக்கும்போது அவர் மட்டும் அதே 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்னே போகிறார். கார் ஏறக்குறைய நின்ற பிறகு அவர் எதிலாவது மோதுகிறார். மேலே போட்ட கணக்கில் 89,000 நியூட்டன் அவருக்குத்தான். எவ்வளவு சிறந்த காராக இருந்தாலும், பட்டை போடாதவரை அது 1959-ஆம் ஆண்டுக்கு அனுப்பிவிடுகிறது.

இன்று நாம் போடும் மூன்று முனைப் பட்டையை உருவாக்கியவர் நில்ஸ் போலின். விமானத்திலிருந்து விமானியை வெளியே தள்ளிக் காப்பாற்றும் இருக்கைகளை முன்பு வடிவமைத்தவர். வோல்வோ நிறுவனத்தில் சேர்ந்த பிறகு, இடுப்பையும் மார்பையும் ஒரே பட்டையால் பிடிக்கும் முறையைக் கண்டார். தோள் எலும்பும் இடுப்பு எலும்பும் உடலின் வலுவான பகுதிகள். விசை அங்கே பரவினால் மென்மையான வயிறு தப்பிக்கும். வோல்வோ கார்களில் இந்தப் பட்டை வந்த ஆண்டு எது தெரியுமா? அதுவும் 1959! வோல்வோ அந்தக் காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டது.

எடை வேறுபட்டால்?

“அப்படியானால் சிறிய காரும் பெரிய காரும் ஒன்றா?” என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஒன்றல்ல.

800 கிலோகிராம் காரும் 1600 கிலோகிராம் காரும் நொடிக்கு 17.8 மீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதி, ஒட்டிக்கொண்டு நகர்வதாக வைத்துக்கொள்வோம். உந்தப் பாதுகாப்பு விதிப்படி, மோதிய பிறகு இரண்டும் பெரிய கார் வந்த திசையில் நொடிக்கு ஏறத்தாழ 5.9 மீட்டர் வேகத்தில் போகும். பெரிய காரின் வேக மாற்றம் 11.9 மீட்டர்/நொடி. சிறிய காரின் வேக மாற்றம் 23.7 மீட்டர்/நொடி, இரண்டு மடங்கு.

எனவே கனமான காரில் இருப்பவருக்கு ஒரு சாதகம் உண்டு. பெரியவர்கள் சொல்வதில் இந்த அளவு உண்மை இருக்கிறது. பெல் ஏரும் மலிபுவும் ஏறக்குறைய ஒரே எடையில் இருந்ததால்தான், எடை என்ற காரணியை ஒதுக்கிவிட்டு வடிவமைப்பை மட்டும் நம்மால் ஒப்பிட முடிந்தது. தகடு மெல்லியதாக இருப்பதாலேயே ஒரு கார் பாதுகாப்பானது என்று சொல்லிவிடவும் கூடாது. எலும்பு சரியாக இருக்கிறதா என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

சோதனை நியாயமானதா?

அறிவியல் மாணவர் எந்தச் சோதனையையும் கேள்வி கேட்க வேண்டும். இந்த மோதலின் படக்காட்சி வெளிவந்தபோது பழைய கார் விரும்பிகள் பலர் கேள்வி கேட்டார்கள். மோதலின்போது பறந்த பழுப்புத் தூசி துரு அல்லவா? துருப்பிடித்த காரை மோதவிட்டது முறையா? காருக்குள் இயந்திரம் இருந்ததா, இல்லையா?

காரின் அடிச்சட்டம் உறுதியாகவே இருந்தது, ஆறு சிலிண்டர் இயந்திரமும் உள்ளே இருந்தது என்று கழகம் விளக்கம் தந்தது. இந்தக் கேள்விகளில் தவறில்லை. மாறியாக இருக்க வேண்டியது எது, மாறாமல் வைக்க வேண்டியவை எவை என்று ஆய்வுக்கூடத்தில் நீங்கள் எழுதுவதும் இதே வகைக் கேள்விதான். இந்தச் சோதனையில் வேகம், மோதும் கோணம், ஏறக்குறைய நிறை ஆகியவை மாறாதவை. காரின் வடிவமைப்பு மாறியது. ஓட்டுநருக்கு ஏற்பட்ட பாதிப்பு அளக்கப்பட்டது.

நம் நாட்டில்

தென்கிழக்காசியக் கார்களை மோதவிட்டு நட்சத்திர மதிப்பீடு தரும் ஆசியான் என்.கேப் திட்டம் 2011-இல் உருவானது. மலேசியச் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகமான மிரோஸ் அதில் முதன்மைப் பங்கு வகிக்கிறது. அந்தத் திட்டத்தின் முன்மோதல் சோதனையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், முன்பகுதியின் ஒரு பக்கம் மோதும் முறையில் நடந்துவந்தது. உங்கள் வீட்டில் புதிதாகவோ பழையதாகவோ கார் வாங்கப் பேச்சு எழுந்தால், நிறத்தையும் விலையையும் பார்ப்பதோடு அந்த மாதிரிக்கு எத்தனை நட்சத்திரம் என்றும் தேடிப் பாருங்கள். எந்த ஆண்டில் சோதிக்கப்பட்டது என்றும் பாருங்கள்; விதிகள் காலப்போக்கில் கடுமையாகி வருகின்றன.

முன் இருக்கையில் பட்டை போடுவது நம் நாட்டில் 1979 முதல் கட்டாயம். பின் இருக்கையில் 1 ஜனவரி 2009 முதல் கட்டாயம். மலிபு மோதிய அதே 2009! ஆனாலும் பெருநாள் காலத்தில் நெடுஞ்சாலையில் செல்லும் கார்களின் பின் இருக்கையைப் பாருங்கள். எத்தனை பேர் பட்டை போட்டிருக்கிறார்கள்?

பின் இருக்கை பெரும்பாலும் உங்களுடைய இருக்கை. அதனால் இதை உங்களிடம் சொல்கிறேன். பட்டை போடாமல் பின்னால் அமர்ந்திருக்கும் 50 கிலோகிராம் மாணவர், மோதலில் முன் இருக்கையின் முதுகில் போய் விழுகிறார். அங்கே அமர்ந்திருப்பவர் அம்மாவாகவோ அப்பாவாகவோ இருக்கலாம். அவர்கள் பட்டை போட்டிருக்கலாம், காற்றுப்பையும் விரிந்திருக்கலாம். ஆனால் பின்னாலிருந்து வரும் அந்த விசைக்கு எந்தக் காற்றுப்பையும் இல்லை. நீங்கள் போடும் பட்டை உங்களுக்கு மட்டும் அல்ல.

தம்பி, தங்கையை மடியில் வைத்துக் கையால் பிடித்துக்கொண்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். 10 கிலோகிராம் எடையுள்ள குழந்தைக்கு, 0.1 நொடியில் நிற்கும் மென்மையான நிலையிலும், 1,780 நியூட்டன் விசை வேண்டும். ஏறத்தாழ 180 கிலோகிராம் எடையைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சமம். எந்தத் தாயின் கையாலும் அது முடியாது. பாசம் குறைவு என்பதால் அல்ல, விசை பெரிது என்பதால். குழந்தைகளுக்கான தனி இருக்கை 2020 முதல் நம் நாட்டில் கட்டாயம் ஆக்கப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

பழைய கார்களை வெறுக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. மோரிஸ் மைனரையும் வோக்ஸ்வாகன் பீட்டலையும் பளபளவென்று வைத்திருப்பவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். அவை பொறியியல் வரலாற்றின் பொக்கிஷங்கள். அவற்றை ரசியுங்கள், ஓட்டுபவர்கள் வேகத்தைக் குறைத்து, பட்டை பொருத்தி ஓட்டட்டும். “இது இரும்பு, ஒன்றும் ஆகாது” என்று மட்டும் யாராவது சொன்னால், இரும்புக்கு ஒன்றும் ஆகாமல் போனால் மிச்ச விசை யாருக்குப் போகும் என்று பணிவோடு கேளுங்கள்.

செய்து பாருங்கள்

தேவையானவை: உருளும் பொம்மைக் கார், சாய்வாக வைக்க ஒரு பலகை, ஒரு செங்கல், களிமண், தாள், ஒட்டும் நாடா.

1. பலகையின் ஒரு முனையைப் புத்தகங்களின் மேல் உயர்த்தி வையுங்கள். கீழ் முனையில் செங்கலை வையுங்கள்.
2. களிமண்ணில் சிறு மனித உருவம் செய்து காரின் மேல் வையுங்கள், கட்ட வேண்டாம். காரை உச்சியிலிருந்து விடுங்கள். உருவம் எவ்வளவு தூரம் போய் விழுகிறது என்று அளந்து எழுதுங்கள்.
3. உருவத்தை ஒட்டும் நாடாவால் காரோடு கட்டிவிட்டு மீண்டும் செய்யுங்கள்.
4. தாளைக் குழலாகச் சுருட்டிக் காரின் முன்னால் ஒட்டுங்கள். உருவத்தைக் கட்டாமல் ஒரு முறையும், கட்டி ஒரு முறையும் செய்யுங்கள். குழல் எப்படி மடிகிறது என்று பாருங்கள்.
5. ஒவ்வொரு நிலையையும் மூன்று முறை செய்து சராசரி காணுங்கள். பலகையின் சாய்வு மாறக் கூடாது. ஏன்?

சிந்தித்து விடை எழுதுங்கள்

1. ஒரே எடையுள்ள இரண்டு கார்கள் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதுகின்றன. ஒரு காருக்கு இது, அசையாத சுவரில் மணிக்கு 128 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதற்குச் சமமா, 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதற்குச் சமமா?
(குறிப்பு: மோதிய பிறகு அந்தக் காரின் வேகம் என்ன? அது இழந்த இயக்க ஆற்றல் எவ்வளவு?)

2. காரின் வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் எத்தனை மடங்காகும்? பள்ளி அருகே வேகக் கட்டுப்பாடு இருப்பதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

3. நசுங்கும் முன்பகுதி உள்ள காரில் பட்டை போடாமல் அமர்ந்திருப்பவருக்கு அந்த முன்பகுதியால் பயன் குறைவது ஏன்? ‘நேரம்’, ‘உந்தம்’, ‘நிலைமம்’ ஆகிய மூன்று சொற்களையும் பயன்படுத்தி விளக்குக.

முதல் கேள்விக்கு மட்டும் விடை தருகிறேன்: 64-க்குச் சமம். கார் 64 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பூஜ்யத்துக்கு வருகிறது. சுவரில் மோதினாலும் அதேதான். எதிர்க் காரின் ஆற்றல், எதிர்க் காரை நசுக்கவே போகிறது. பலர் 128 என்றுதான் சொல்வார்கள். வீட்டில் கேட்டுப் பாருங்கள். விடை சொன்ன பிறகு, பின் இருக்கைப் பட்டைகள் இருக்கை இடுக்கில் புதைந்து கிடக்கின்றனவா என்றும் பாருங்கள். கிடந்தால், இந்த வார இறுதியில் அவற்றை வெளியே எடுத்து வையுங்கள்.